அரை மணி நேரம் ஓட்டியும் காரின் டெம்பரேச்சர் முள் ஏறவில்லை, ஏன்?

முள் கால் பங்கிலேயே நிற்கிறது, ஹைவேயில் வேகமெடுத்தால் இன்னும் இறங்குகிறது, சிக்னலில் நின்றால் கொஞ்சம் ஏறுகிறது என்கிறீர்கள். இதிலேயே பாதி விடை இருக்கிறது. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகாமல் மூடி வைக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கிக்கொண்டால் இப்படித்தான் ஆகும்: எதிர்க்காற்று பலமாக அடிக்கும்போது ரேடியேட்டர் தேவைக்கு மேல் குளிர்விக்கும். கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரில் மட்டும் கோளாறு என்றால் வண்டியின் வேகத்துக்கேற்ப முள் ஆடாது.

ஆனாலும் உடனே கழற்ற வேண்டாம். முதலில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள் (சூட்டில் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும்). கூலன்ட் குறைந்து சென்சார் காற்றில் நின்றாலும் குறைவாகவே காட்டும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிக்கும் கருவி) போடுங்கள். கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். 15, 20 டிகிரி வித்தியாசம் என்றால் சென்சாரையோ வயரையோ சந்தேகப்படலாம். இந்த சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் இறங்கும்: பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் 2 முதல் 3 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம். அதனால் கனெக்டர் பச்சை பூத்திருந்தால் கூடுதல் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்து, சூடான இன்ஜினும் குளிர்ந்ததாகவே தெரியும்.

அடுத்து ஹோஸ். ஏசியை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஃபேனில் கை படாமல், ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் 80 டிகிரி தாண்டும்வரை ஹோஸ் ஏறக்குறைய குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று கொதிக்கும். தொடக்கத்திலிருந்தே இன்ஜினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடானால் வால்வு மூடவில்லை. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் தண்ணீர் திரும்பி வரும் பக்கம் இருக்கும். அவற்றில் கீழ் ஹோஸைத்தான் பார்க்க வேண்டும். புது டீசல் இன்ஜின்கள் ஐடிலில் சரியாகச் சூடாகாது, அவற்றை ஓட்டித்தான் சோதிக்க முடியும். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஃபேன் ஓடினால் அதை இயக்கும் ஸ்விட்சான ரிலே ஒட்டிக்கொண்டதா என்று பாருங்கள். சென்சார் சர்க்யூட் அறுந்தாலும் பல வண்டிகள் பாதுகாப்புக்காக ஃபேனை ஓட்டும்.

கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லாமலும் இருக்கலாம்! ஓவர்ஹீட்டுக்கு வைத்தியம் என்று அதைப் பிடுங்கி எறிகிற பழக்கம் இன்னும் ஒழியவில்லை. இருந்தால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் வால்வைச் சுற்றி இடைவெளி தெரியக் கூடாது. பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு சூடாக்குங்கள். தெர்மோஸ்டாட்டின் மேல் பொறித்திருக்கும் 82 அல்லது 88 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் மூடாத நிலையிலேயே ஓட்டினால் இன்ஜினின் கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்வதே தடைபடலாம். ஸ்கேனரில் பி0128 கோடு (கூலன்ட் போதிய சூட்டை எட்டவில்லை என்ற எச்சரிக்கை) வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

புதியது அதே டிகிரியில் வாங்குங்கள், கேஸ்கெட்டும் புதிதாக இருக்கட்டும். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் காற்று வெளியேற சிறிய ஆடும் ஊசி இருந்தால், கையேடு வேறு சொல்லாதவரை, அது மேல் பக்கம் வர வேண்டும்; இல்லையென்றால் காற்று அடைத்துக்கொள்ளும். கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுதாக வெளியேற்றிய பின் ஹைவேயில் ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்கேனர் 85க்கும் 95க்கும் இடையில் நிற்கும், வேகமெடுத்தாலும் இறங்காது.