கிலோமீட்டரை வகுத்தால் பயண நேரம் வருமா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஜூலை மாதம் என் அம்மா நியூயார்க்கில் இருக்கும் தம்பி வீட்டுக்குத் தனியாகப் போகிறார். தூரம் 15,349 கிலோமீட்டர் என்று இணையத்தில் இருக்கிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் 17 மணி நேரம்தானே ஆக வேண்டும்? டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் காட்டுகிறார்கள். வழியில் விமானம் மாறிப் போனால் விலை குறைகிறது. எதை வாங்கலாம்?
- வாசகர், சிங்கப்பூர்

பதில்: கணக்கு சரி, பாதைதான் வேறு. 15,349 என்பது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம். சாங்கியிலிருந்து கென்னடி விமான நிலையத்துக்கு அந்த நூலை இழுத்தால் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே போகும். நியூயார்க் செல்லும் விமானமோ பெரும்பாலும் பசிபிக் கடலைத் தாண்டித்தான் போகிறது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் உயர்வான் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், சுற்றுவழியே லாபம். தவிர, டிக்கெட்டில் போடும் நேரத்தில் விமானம் தரையில் ஊர்ந்து போவதும் சேர்த்தி.

புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் நேரம். பகல் 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் மாலை 6.30க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், ஜூலையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதைக் கூட்டிக்கொள்ளுங்கள்: பதினெட்டரை மணி. குளிர்காலத்தில் 13ஐக் கூட்ட வேண்டும்.

இனி விலை. எங்கும் இறங்காமல் போகும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம், நெடுந்தூரத்துக்கென்றே அமைத்த ஏர்பஸ் ஏ350. மொத்தம் 161 இருக்கைகள். பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. சாதாரண எகானமி கிடையவே கிடையாது! நீங்கள் பார்த்த மலிவு டிக்கெட் அநேகமாக எகானமியாக இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து 'இறங்காமல் போவதற்கு இவ்வளவு கூடுதலா' என்று மலைப்பதில் பொருளில்லை. பிரீமியத்தோடு பிரீமியத்தை ஒப்பிடுங்கள், வித்தியாசம் எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும்.

விமான எண் ஒன்றுதான் என்பதால் எங்கும் நிற்காது என்றும் நம்பிவிட வேண்டாம். அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் ஒரே எண்ணில் பிராங்பர்ட்டில் நின்றுதான் நியூயார்க் போகிறது. 'நிறுத்தங்கள்' என்ற கட்டத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அம்மா தனியாகப் போவதால், கையில் பணம் இருந்தால் இறங்காத விமானத்தையே எடுப்பேன். பதினெட்டு மணி நேரம் உட்கார முதுகு ஒத்துழைக்காது என்றால் மாறிப் போவதே மேல். ஆனால் முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது, பொதுவாக நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். இடைவெளி மூன்று மணி நேரமாவது வையுங்கள், சக்கர நாற்காலி வேண்டுமானால் முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.