ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்ல என்ன இருக்கு? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஊர் வேலூர் பக்கம், சென்னை பெருங்குடியில ஐடி கம்பெனி வேலை. மூணு பேர் சேர்ந்து வீடு எடுத்திருக்கோம். எனக்கு மட்டுமே மாசம் 9,000 ரூபாய் சாப்பாட்டுக்குப் போயிடுது, முக்காவாசி ஆப்ல ஆர்டர் பண்றதுதான். ரெண்டு தடவை சமைக்க ஆரம்பிச்சு பத்து நாள் கூட தாண்டல, வாங்குன காய் ஃபிரிட்ஜ்லயே அழுகிடுச்சு. எங்களுக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா மேடம்?

பதில்: வரும் தம்பி. காய் அழுகிடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. வீட்ல சமைச்சா காசு மிச்சம்னு எல்லாரும் சொல்றாங்க, ஆனா காயையும் வாங்கி அழுக விட்டுட்டு நைட்டு பரோட்டாவும் ஆர்டர் பண்ணா ரெட்டைச் செலவுதான ஆகுது. நீங்க ஆபீஸ்ல இருந்து வர்றப்ப ஒன்பது மணி ஆகும், பசி வயித்தைக் கிள்ளும், அந்த நேரத்துல உக்காந்து பீன்ஸ் நறுக்க எனக்கே பொறுமை வராது, கை தானா போனைத்தான் தேடும். அந்த ஒன்பது மணிக்கு பத்து நிமிஷத்துல தட்டுக்கு வர்ற மாதிரி ஏதாவது வீட்ல இருந்தாத்தான் உங்க காசு நிக்கும்.

முதல்ல மாவு. 1 கிலோ இட்லி அரிசிக்கு 250 கிராம் முழு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம், நாலு மணி நேரம் ஊறட்டும். உளுந்தை ஐஸ் தண்ணி தெளிச்சு தனியா பொங்கப் பொங்க அரைங்க, அரிசியைத் தனியா அரைங்க, உப்பு போட்டு கையால கலந்து ராத்திரி வெளிய வச்சா காலையில பொங்கி நிக்கும். ரெண்டு நாள் இட்லி, அப்புறம் தோசை, புளிச்சுப் போனா வெங்காயம் பச்சமிளகா நறுக்கிப் போட்டு ஊத்தப்பம். எங்க தெரு கடையில போன வாரம் இட்லி அரிசி கிலோ 48, உளுந்து கிலோ 140. அப்ப மொத்த மாவுக்கும் 90 ரூபாய் கூட ஆகல, அம்பது இட்லிக்குக் குறையாம வரும், ஒரு இட்லி 2 ரூபாய்க்குள்ள அடங்கிடுது. நீங்க ஆர்டர் பண்றப்ப பல கடைங்க ஆப்ல போடுற விலையே கடை விலையை விட கூட இருக்கும், அதுக்கு மேல பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் ஃபீ, ஜிஎஸ்டி. போன வாரத்து பில்லை எல்லாம் எடுத்து இந்த மேல்செலவை மட்டும் கூட்டிப் பாருங்க, நான் சொல்லவே வேணாம். கிரைண்டர் இல்லைன்னா ஊர்ல கேளுங்க, 2011க்கு அப்புறம் கவர்மென்ட் இலவசமா குடுத்த கிரைண்டர் எத்தனையோ வீட்டுப் பரண்ல சும்மா கெடக்குது. அரைக்க முடியாத வாரம் கடை மாவு பாக்கெட் வாங்குங்க, தப்பே இல்ல, அதுவும் ஆர்டரை விட மிச்சம்தான்.

அப்புறம் பருப்புப் பொடி. துவரம்பருப்பு, பொட்டுக்கடலை, காஞ்ச மிளகா, பூண்டு, பெருங்காயம் வறுத்து உப்போட பொடிச்சு வச்சுக்கோங்க, சுடு சோறும் நல்லெண்ணெயும் இருந்தா போதும். அதே மாதிரி புளிக்காய்ச்சல், எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் கொதிக்க விட்டு, ஈர ஸ்பூன் படாம ஃபிரிட்ஜ்ல வச்சா ரெண்டு வாரத்துக்குக் கவலை இல்ல, காலையில சோறு வடிச்சுக் கிளறுனா ஆபீஸ் டப்பாவும் ரெடி.

காய் மூணு நாளைக்கு மேல வாங்காதீங்க. கீரை, வெண்டைக்காய் முதல் நாளே தீரணும், முட்டைகோஸ், கேரட், பூசணி கடைசிக்கு இருக்கட்டும். இன்னொண்ணு, ரூம்ல சமையல் நின்னு போறதுக்கு சமைக்கத் தெரியாதது காரணம் இல்ல, சிங்க்ல குமியுற பாத்திரம்தான் காரணம், நான் பார்த்த எல்லா ரூம்லயும் சண்டை அங்கதான் ஆரம்பிச்சுது. ஒருத்தர் சமைச்சா ஒருத்தர் நறுக்கணும், மூணாவது ஆள் அன்னைக்கே கழுவிடணும். வாரம் ஒரு நாள் பிரியாணிக்குப் போங்க, கடையிலயே உக்காந்து சூடா சாப்பிடுங்க.

கேள்வி: திருப்பூர்ல பனியன் கம்பெனியில வேலைங்க, வீட்ல நாலு பேரு. வீட்லதானுங்க சமைக்கிறேன், அப்படியும் பருப்பு, எண்ணெய், கேஸுன்னு கையைக் கடிக்குதுங்க.

பதில்: ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், இந்த ரெண்டையும் எந்த மாசமும் விடாதீங்கம்மா, மாசக் கடைசிக்குத் தள்ளாம முன்னாடியே போயிடுங்க. பாமாயில் ஒத்துக்காதுன்னு நெனச்சா வடை, அப்பளம் பொரிக்க மட்டும் வச்சுக்கோங்க. தினமும் துவரம்பருப்பே வேணும்னு இல்ல, உங்க ஊருக்காரங்களுக்கு நான் கொள்ளு பத்தி சொல்லணுமா, கடைஞ்சு ஒரு வேளை, எடுத்து வச்ச தண்ணியில ரசம் இன்னொரு வேளை. ஷிப்ட் முடிஞ்சு வர்ற நாள்ல அரிசிம்பருப்பு சாதம் மாதிரி தோது வேற இல்லைங்க, சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், தேங்காய் போட்டு ஒரே குக்கர், கேஸும் மிச்சம். பயறு எதுவா இருந்தாலும் ராத்திரியே ஊறப் போட்டுடுங்க, விசில் பாதியாக் குறையும். காய்க்கு உழவர் சந்தைதான். 1999ல மதுரையில ஆரம்பிச்சது உங்க ஊர்லயும் நடக்குது, அன்னைக்கு விலையை போர்டுல எழுதிப் போட்டிருப்பாங்க, அதைப் பார்த்துட்டு என்ன கொழம்புன்னு முடிவு பண்ணுங்க, வீட்ல முடிவு பண்ணிட்டுப் போனா அன்னைக்குன்னு அந்தக் காய்தான் வெலை ஏறி நிக்கும்.

கேள்வி: மீன் இல்லாம எங்க வீட்ல சாப்பாடு எறங்காது, தடைக்காலத்துல வெலை தாங்கல. (கடலூர் வாசகி)

பதில்: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப் படகு மீன் மட்டும்தான், வெலை ஏறத்தான் செய்யும், ஆனா மீன் குஞ்சு பொரிச்சு வளர அந்த ரெண்டு மாசம் வேணும்மா. அப்ப முட்டையும் கருவாடும் வச்சு ஓட்டுங்க, கத்திரிக்காய் மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்புக்கு நாலு துண்டு போதும். மத்த நாள்ல வஞ்சிரம் பக்கம் போகாம மத்தி, நெத்திலி, காணாங்கெளுத்தி வாங்குங்க, சத்துல ஒண்ணும் கொறைச்சல் இல்ல. மீன் குழம்பை மண்சட்டியில கொஞ்சம் கூடவே வச்சு, மறுநாள் நல்லா சுட வச்சு ஊத்துங்க, அதுக்குத்தான் ருசி ஜாஸ்தி.