வக்கீல் கதே: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஜெர்மன் மகாகவி கதேயின் வக்கீல் வாழ்க்கை, மொழிபெயர்ப்புகள் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவருடைய நிறக் கோட்பாடு, தாவர ஆராய்ச்சி பற்றிக் கேட்டவர்கள் அறிவியல் படித்தவர்களிடம் கேளுங்கள், அது என் துறை இல்லை.

சட்டக் கல்லூரி மாணவி: கதே நிஜமாகவே வழக்கு நடத்தினாரா, பட்டம் வாங்கியதோடு சரியா?

நடத்தினார். 1771 ஆகஸ்ட் 28, அவருக்கு 22 வயது நிறைந்த அன்றே, சொந்த ஊரான பிராங்பர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டார். 1775 வரை 28 வழக்குகள். அப்பா யோஹான் காஸ்பர் சட்டம் படித்தும் தொழில் பார்க்காதவர். மகனுடைய வழக்குக் கட்டுகளை ஆசையாக வாங்கிப் படித்து உதவினார். அன்றைக்கு வாதம் பெரும்பாலும் எழுத்தில்தான் நடக்கும். முதல் வழக்கிலேயே கதேயின் மனுவில் சூடு அதிகமாகிவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அவருடைய பழைய நண்பர், அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நீதிமன்றம் இருவரையும் கண்டித்தது. 'வெர்தர்' நாவலை எழுதப்போகிற கை அந்த மனுவிலேயே தெரிகிறது என்பது என் எண்ணம்.

1772 மே முதல் செப்டம்பர் வரை வெட்ஸ்லாரில், பேரரசின் உயர் நீதிமன்றத்தில் பயிற்சி. அங்கே 20,000 வழக்குகள் குவிந்து கிடந்தன, ஆண்டுக்கு 60 முடியும், அதைப்போல இரண்டு மடங்கு புதிதாக வந்து சேரும் என்று தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். வெர்தர் நாவலின் நாயகிக்கு முன்மாதிரியான சார்லொட்டே பூஃபை அவர் சந்தித்ததும் அந்த ஊரில்தான்.

ஒரு வாசகர்: டாக்டர் கதே என்று போடலாமா?

வேண்டாம். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆய்வேட்டை ஏற்கவில்லை. 56 கருத்துரைகளை வாதிட்டு, டாக்டருக்கு ஒரு படி கீழான லைசென்ஷியேட் பட்டம் வாங்கினார். ஊரார் டாக்டர் என்று அழைத்தது மரியாதைக்கு.

ஆசிரியர் ஒருவர்: சாகுந்தலத்தை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் கதேதானே?

இல்லை. 1791-இல் கியோர்க் ஃபோர்ஸ்டர் செய்தது, அதுவும் வில்லியம் ஜோன்ஸின் ஆங்கில வழியாக. கதே அதைப் படித்து மயங்கி ஒரு சிறு கவிதை எழுதினார். ஒரு எச்சரிக்கை: 'கதே மொழிபெயர்த்தது' என்று எதைப் பார்த்தாலும், எந்த மொழியிலிருந்து, யாருடைய கை என்று முதலில் விசாரியுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் ஒருவர்: அவர் மொழிபெயர்ப்பில் முக்கியமானது எது?

இத்தாலியச் சிற்பி செல்லினியின் தன்வரலாறு, வோல்தேரின் இரண்டு நாடகங்கள் எல்லாம் உண்டு. எனக்கு பிரெஞ்சு எழுத்தாளர் திதரோவின் 'ரமோவின் தம்பி மகன்'தான். (மருமகன் என்று போடாதீர்கள். அவர் இசைமேதை ரமோவின் தம்பி பெற்ற பிள்ளை.) திதரோ உயிரோடிருந்தபோது அது அச்சாகவே இல்லை. அவருடைய நூலகம் ருஷ்ய அரசி காதரீனுக்குப் போனது. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து ஒரு கைப்பிரதி ரகசியமாக அவருடைய கவிஞர் நண்பர் ஷில்லரிடம் வந்து, அவர் வழியாகக் கதேக்குக் கிடைத்தது. 1805-இல் ஜெர்மனில் வெளியானது. பிரெஞ்சு மூலத்தை உலகம் இன்னும் பார்க்கவில்லை, மொழிபெயர்ப்பு மட்டும் கையில் இருக்கிறது! 1821-இல் பாரிஸில் இரண்டு பேர் கதேயின் ஜெர்மனைத் திரும்பப் பிரெஞ்சுக்கு மாற்றி, இதுதான் மூலம் என்று வெளியிட்டார்கள். திதரோவின் சொந்தக் கையெழுத்துப் பிரதி 1891-இல்தான், சேன் நதிக்கரைப் பழைய புத்தகக் கடை ஒன்றில் கிடைத்தது. 86 ஆண்டுகள் கழித்து அதோடு ஒப்பிட முடிந்தது. மொழிபெயர்ப்பை இரண்டாந்தர வேலை என்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

இன்னொருவர்: ஹாபிஸை மொழிபெயர்த்தாரே, பாரசீகம் எப்போது படித்தார்?

மேலே சொன்ன எச்சரிக்கையைப் படியுங்கள். பாரசீகக் கவி ஹாபிஸை மொழிபெயர்த்தவர் ஆஸ்திரிய அறிஞர் ஹம்மர். அதைப் படித்த வேகத்தில் கதே எழுதியவை அவருடைய சொந்தக் கவிதைகள், 1819-இல் நூலாயின.

கல்லூரி மாணவர்: 'கனவு காண முடிந்தால் இன்றே தொடங்கு' என்று கதே எங்கே சொன்னார்?

எங்கேயும் சொல்லவில்லை. சுவரில் ஒட்டாதீர்கள்.

பெண் வழக்கறிஞர்: பாவுஸ்ட் நாடகத்தில் சிசுக்கொலைக் குற்றத்துக்கு ஆளான கிரெட்சனுக்காக அழ வைத்தவர், மரண தண்டனைக்குச் சம்மதித்தார் என்கிறார்களே?

உண்மைதான். 1772 ஜனவரி 14, பெற்ற குழந்தையைக் கொன்றதாக சூசன்னா பிராண்ட் என்ற பணிப்பெண்ணின் தலையைப் பிராங்பர்ட்டில் வாளால் வெட்டினார்கள். இடம், கதே வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. அந்த வழக்கு ஆவணங்களின் நகல் அவருடைய அப்பாவின் காகிதங்களில் இருந்தது. கிரெட்சன் அங்கிருந்து வருகிறாள். 1783-இல் வைமாரில் அதே குற்றத்துக்கு யோஹன்னா ஹ்யோன் சிறையில். சிசுக்கொலைக்கு மரண தண்டனை என்ற சட்டத்தை மாற்றலாமா என்று வைமாரை ஆண்ட பிரபு கர்ல் ஆகஸ்ட், கதே இருந்த தன் ஆலோசனைச் சபையிடம் கேட்டார். மரண தண்டனை இருக்கட்டும் என்று மற்றவர்களோடு சேர்ந்து கதேயும் எழுதிக்கொடுத்தார். நவம்பர் 28 அன்று ஹ்யோனைக் கொன்றார்கள்.

கதே அன்பர் ஒருவர்: பிரபு கேட்டது பொதுச் சட்டத்தைப் பற்றி. அந்தப் பெண்ணைப் பற்றி இல்லை. அநியாயமாகப் பழி போடுகிறீர்கள்.

கேள்வி சட்டத்தைப் பற்றித்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்டபோது ஒரு பெண் சிறையில் தீர்ப்புக்குக் காத்திருந்தாள், சபையில் எல்லோருக்கும் அது தெரியும். வேறு பதில் வந்திருந்தால் அவள் பிழைத்திருக்க வழி இருந்தது. அவரை நேசிக்கிறவன்தான் நானும். அதற்காக இதை மூடி வைக்க மாட்டேன்.

அதே அன்பர்: அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இல்லை ஐயா. மாற்றலாமா என்று கேட்ட பிரபுவும் அந்தக் காலத்தவர்தான். 1771-இல் கதே வாதிட்ட 56 கருத்துரைகளிலேயே, சிசுக்கொலை செய்த தாய்க்கு மரண தண்டனை உண்டா என்பது அறிஞர்களிடையே தீராத கேள்வி என்று ஒன்று இருக்கிறது.

வேறொருவர்: சாகுந்தலம் கதே மொழிபெயர்த்ததா?

ஃபோர்ஸ்டர். மேலே இருக்கிறது.

பெண் வழக்கறிஞர் மறுபடியும்: அப்புறம் அவர் மனம் மாறினாரா?

பாவுஸ்ட்டின் இளமைக் கால வரைவில், சிறைக் காட்சியில் சாத்தான் "அவளுக்குத் தீர்ப்பாகிவிட்டது" என்கிறான். அதற்கு மறுகுரல் இல்லை. 1808-இல் அச்சான முதல் பாகத்தில் மேலேயிருந்து ஒரு குரல் பதில் சொல்கிறது: "காப்பாற்றப்பட்டாள்."