கேள்வி பதில்: நியூசிலாந்தில் வாக்கெடுப்பு கேட்கக் கையெழுத்து திரட்டுவது

செல்வி: மக்களே ஒரு கேள்வியை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர எத்தனை கையெழுத்து வேண்டும்?

வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில் 10 சதவீதம். 1993-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. கேள்வியின் வாசகத்தை நாடாளுமன்றச் செயலர் இறுதி செய்ததும் 12 மாத அவகாசம் தொடங்கும். பட்டியலில் பெயர் இல்லாதவரின் கையெழுத்து செல்லாது. இதை இன்னும் பலமுறை சொல்வேன்.

ரமணன்: 10 சதவீதம் சேர்ந்ததும் கொடுத்துவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். அரசு மின் நிறுவனங்களின் பங்குகளை விற்பதை எதிர்த்தவர்கள் 2013-இல் பட்ட பாட்டைப் பாருங்கள். தேவைப்பட்டது 3,08,753. அவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தது நாலு லட்சத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. அப்படியும் சுமார் 16,500 பற்றவில்லை! சட்டம் தரும் கூடுதல் இரண்டு மாதத்தில் மறுபடி தெருவில் இறங்கித்தான் ஈடுகட்டினார்கள்.

ஏன் இப்படி? எல்லாக் கையெழுத்தையும் சரிபார்ப்பதில்லை. மாதிரி எடுத்துத்தான் பார்க்கிறார்கள். பழைய முகவரி, வாசிக்க முடியாத பெயர், பட்டியலிலேயே இல்லாதவர், எல்லாம் கழிந்துவிடும். இவற்றைவிட மோசம், ஒரே ஆள் இரண்டு முறை போடுவது. பத்தில் ஒன்றை மாதிரியாக எடுத்தால், ஒருவருடைய இரண்டு கையெழுத்தும் அதில் சிக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான். ஆகவே ஒரு இரட்டை அகப்பட்டாலே மொத்தத்தில் நூறு இருக்கும் என்று கணக்காகிவிடும். சந்தையில் கையெழுத்துத் தாளை நீட்டும்போதே "ஏற்கெனவே போட்டீர்களா?" என்று கேளுங்கள்.

நிரோஷன்: எனக்குக் குடியுரிமை இல்லை, நிரந்தர வதிவிடம்தான். கையெழுத்துப் போடலாமா?

போடலாம். நிரந்தர வதிவிடம் உள்ளவர் 18 வயது நிரம்பி, நியூசிலாந்தில் எப்போதாவது தொடர்ந்து ஓராண்டு வாழ்ந்திருந்தால் வாக்காளராகப் பதியலாம். பதிந்த பிறகு போடுங்கள்.

கவிதா: ஆன்லைனில் போடலாமா?

இதற்கு முடியாது. காகிதம்தான்.

முருகேசன்: மனைவிக்கும் சேர்த்து நானே போட்டுவிடலாமா?

கூடாது.

அனிதா: நான் மாணவர் விசாவில் இருக்கிறேன்...

பதிய முடியாது, அதனால் போடவும் முடியாது. நிரோஷனுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கௌதம்: பிள்ளைகளை அடிப்பது பற்றிய 2009 வாக்கெடுப்பில் 87 சதவீதம் பேர் "இல்லை" என்றார்கள். அரசு அசையவில்லை. பிறகு எதற்கு இந்த உழைப்பு?

அந்தக் கேள்வியை முதலில் படியுங்கள்: "நல்ல பெற்றோர் கண்டிப்பின் பகுதியாகக் கொடுக்கும் ஓர் அடி நியூசிலாந்தில் குற்றமாக இருக்க வேண்டுமா?" "நல்ல" என்ற சொல்லை உள்ளே வைத்துவிட்டுக் கேட்டால் யார்தான் "ஆம்" என்பார்கள்? அப்போதைய பிரதமர் ஜான் கீயின் அரசு சட்டத்தை மாற்றாமல் இருக்க அந்த வாசகமே இடம் கொடுத்தது.

கௌதம்: அது சாக்கு. 2013-இல் கேள்வி நேராகத்தானே இருந்தது? 67 சதவீதம் எதிர்த்தும் விற்பனை நின்றதா?

நிற்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். முடிவு அரசைக் கட்டுப்படுத்தாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வாக்களித்தவர்கள் 45 சதவீதம்தான். முக்கால்வாசிப் பேர் வந்திருந்தால் எந்த அரசுக்கும் தூக்கம் கெட்டிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், திரட்டும் உழைப்பில் பாதியையாவது வாசகத்துக்குக் கொடுங்கள். செயலர் அதை முடிவுசெய்யும் முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்பார். அப்போது வாயைத் திறக்காமல் பிறகு புலம்புகிறோம்.

சுதா: எங்கள் தெருவுக்கு ஒரு பஸ் நிறுத்தம் வேண்டும். எத்தனை லட்சம் கையெழுத்து?

லட்சமெல்லாம் வேண்டாம் அம்மா. அதை உங்கள் உள்ளூர் மன்றத்திடம் கேளுங்கள். நாடாளுமன்றத்துக்கே சாதாரண மனு கொடுப்பதானாலும் ஒரு கையெழுத்து போதும், உங்களுடையது.