13 பேரை வைத்து வியாபாரம் செய்கிறேன். கூடிக்கொண்டே போகும் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.ரி.எப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) செலவுக்கு எப்படித் தயாராவது?

கேட்டவர் கல்முனையில் ஹாட்வெயார் கடையும் அதோடு சேர்ந்து சீமெந்துக் கல் அறுக்கும் வாடியும் வைத்திருக்கிறார். நான் மட்டக்களப்புப் பக்கம் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். வீதம் கூடவில்லை. சம்பளத்தில் ஈ.பி.எப்புக்கு முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், ஈ.ரி.எப்புக்கு முதலாளி மட்டும் 3 வீதம் என்பது அப்படியேதான் இருக்கிறது. கூடியது அடிச் சம்பளம். 2024 செப்டெம்பரில் குறைந்தபட்சச் சம்பளம் 17,500. நிவாரணப் படி 3,500 ஐயும் சேர்த்தால் 21,000. 2025 ஏப்ரலில் அது 27,000 ஆனது, 2026 ஜனவரியில் 30,000. ஆக ஓர் ஆளுக்கு உங்கள் பங்கு 3,150 இல் இருந்து 4,500 க்கு ஏறிவிட்டது. எல்லோரும் குறைந்தபட்சச் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று வைத்தால், 13 பேருக்கு மாதம் 17,550 ரூபாய் கூடுதல். அவுஸ்திரேலியாவில் இருக்கிற சொந்தக்காரர்கள் "இங்கேயும் 12 ஆகிவிட்டது" என்று சொல்வார்கள். அங்கே ஏறியது, ஓய்வுகாலத்துக்கென்று முதலாளி கட்டும் பங்கின் வீதமேதான். 2021 முதல் வருடத்துக்கு அரை அரையாக ஏறி 2025 ஜூலையில் 12 க்கு வந்து நின்றது. நமக்கு அப்படி இல்லை. சம்பளம் ஏறினால் இதுவும் கூடவே ஏறும்.

அதில் ஒரு வசதியும் இருக்கிறது. 27,000, 30,000 இரண்டும் ஒன்றாகவே அறிவிக்கப்பட்டவை. இரண்டாவது ஏற்றத்துக்கு எல்லோருக்கும் மாதக்கணக்கில் நேரம் இருந்தது. அப்படியிருந்தும் ஜனவரிச் சம்பளம் போடும்போதுதான் பல கடைகளில் கல்குலேட்டரைத் தேடினார்கள்.

உண்மையான சிக்கல் செலவைவிடக் காசு நிற்கிற இடம்தான். 30,000 சம்பளக்காரருக்கு 2,400 ஐப் பிடித்துக்கொண்டு 27,600 ஐக் கையில் கொடுக்கிறோம். அந்த 2,400 எங்கே? மேசை லாச்சிக்குள். அடுத்த நாள் பெயின்ட் கொம்பனி லொறி வந்து நிற்கும், லாச்சியில் இருக்கிற காசை எடுத்துக் கொடுத்துவிடுவோம். கட்ட வேண்டியது அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் என்பதால் அப்போது உறைக்காது. உறைக்கும்போது 13 பேருக்கும் சேர்த்து 89,700 ரூபாய் தேவைப்படும். அதில் 31,200 தொழிலாளியின் காசு, நம்முடையதே இல்லை. ஒரு நாள் பிந்தினாலும் ஈ.பி.எப்புக்கு 5 வீத மிகைக்கட்டணம் விழும். உங்கள் 78,000 க்கு அது 3,900. இழுத்துக்கொண்டே போனால் 50 வீதம் வரை ஏறும். ஆகவே சம்பளம் கொடுக்கும் அன்றே ஈ.பி.எப்பின் 20 வீதமும் ஈ.ரி.எப்பின் 3 வீதமும் தனி வங்கிக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்குக்குக் காசோலைப் புத்தகம் ஈ.பி.எப், ஈ.ரி.எப் கட்ட மட்டும்.

நம் பக்கத்து வியாபாரத்துக்கு இது இன்னும் முக்கியம். பெரும்போக வெள்ளாமை வெட்டி நெல் விற்ற பிறகுதான் அம்பாறை மாவட்டத்தில் வீடு கட்டுகிறவனும் கூரை மாற்றுகிறவனும் கடைக்கு வருகிறான். பெப்ரவரி, மார்ச், ஏப்ரலில் கல்லாப்பெட்டி நிறையும். நவம்பர், டிசம்பர் மழையில் வாடியில் கல் காயாது, கடைக்கும் ஆள் வராது. ஈ.பி.எப்புக்கோ போகம் கிடையாது, மாதா மாதம் கட்ட வேண்டும். அறுவடைக் காசு வரும்போதே இரண்டு மூன்று மாதத்துப் பங்களிப்பை அந்தக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். காணி வாங்குவதைப் பிறகு பார்க்கலாம்.

அடுத்து, எல்லோரும் காதோடு சொல்லும் வழி: அடிச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தைப் படியாகக் கொடுப்பது. செய்யாதீர்கள். வாழ்க்கைச் செலவுப் படி, விடுமுறைச் சம்பளம், ஏன், மத்தியானம் வாடியில் போடுகிற சோற்றின் பெறுமதிகூட ஈ.பி.எப் கணக்கில் சம்பளத்தோடு சேரும். சேராதது ஓவர் டைம். கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குகிறவர்களும் உள்ளேதான். "அண்ணன், எனக்கு ஈ.பி.எப் வேணாம், கையில தாங்க" என்று பொடியன் கேட்பான், கையெழுத்தும் வைப்பான். அந்தக் கடிதம் செல்லாது. அந்தந்த மாதம் பிடிக்காமல் விட்ட தொழிலாளியின் 8 வீதமும் கடைசியில் உங்கள் தலையில்தான் விழும்.

விலையில் ஏற்றலாமா என்றால், ஏற்றலாம். மாத விற்பனை 50 இலட்சம் என்று வைத்தால் அந்த 17,550 என்பது நூறு ரூபாய்க்கு 35 சதம். சீமெந்து மூட்டையில் கை வைக்க முடியாது, பக்கத்துக் கடையில் விலை கேட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஆணி, பிணைச்சல், பீ.வி.சி. எல்போ, லேண்ட்மாஸ்டரில் கொண்டுபோய் இறக்கும் கூலி, இவற்றில் ஏற்றினால் யாரும் கவனிப்பதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 13 பேர் என்றால் பணிக்கொடைச் சட்டத்தின் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள். 15 பேர் ஆனதும், ஐந்து வருடம் முடித்தவர் விலகும்போது வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். கணக்குக் கடைசிச் சம்பளத்தில். பத்து வருடம் இருந்தவருக்கு 21,000 இல் ஒரு இலட்சத்து ஐயாயிரமாக இருந்தது, 30,000 இல் ஒன்றரை இலட்சம். பழைய வருடங்களுக்கும் சேர்த்தே ஏறுகிறது பாருங்கள். இதற்கு மாதாந்தக் கட்டணம் இல்லாததால் யாரும் ஒதுக்குவதில்லை. ஆள் கூட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது வாடி போடுவதற்கு முன் ஒரு கொப்பியில் ஒவ்வொருவரும் சேர்ந்த திகதியை எழுதி, அரை மாதச் சம்பளத்தைப் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.