வில்லனை வீட்டுக்குள் உட்கார வையுங்கள்

காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததை வைத்து அரை மணி நேரத் தெரு நாடகம் போடுகிறோம். பத்து நிமிஷத்தில் கூட்டம் கலைந்துவிடுகிறது, மீட்டிங் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

நீங்கள் அனுப்பிய நாடகத்தைப் படித்தேன் தம்பி. கோட்டு போட்ட முதலாளி கெட்டவர், மற்ற எல்லோரும் நல்லவர்கள். யார் மேல் தப்பு என்று முதல் நிமிஷமே தெரிந்துவிட்டால் அப்புறம் எதற்காக நிற்பார்கள்?

ஆங்கில நாடகாசிரியர் பிரீஸ்ட்லியின் 'இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகத்தைப் பாருங்கள். 1945இல் மேடையேறியது, கதை நடப்பது 1912இல். ஒரு முதலாளியின் வீடு, ஒரே ராத்திரி. தற்கொலை செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றி விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டர், அவள் போட்டோவை எல்லோருக்கும் சேர்த்துக் காட்டுவதில்லை, ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டும்தான். அடுத்து யார் மாட்டப்போகிறார்கள் என்ற பதைப்பு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. முதலாளி அவளை வேலையை விட்டு அனுப்பியது, வாரக் கூலியை இருபத்திரண்டரை ஷில்லிங்கிலிருந்து இருபத்தைந்து ஆக்கச் சொன்னதற்காக. முதலாளியின் மனைவியோ, உதவி கேட்டு வந்த அவளைத் துரத்திவிட்டு, "குழந்தைக்குத் தகப்பன் எவனோ அவனைப் பிடித்துத் தண்டியுங்கள்" என்று முழங்குகிறாள். மகளுக்குப் புரிந்துவிட்டது, அம்மா வாயை மூடினால் போதும் என்று கெஞ்சுகிறாள், நமக்கும் புரிந்துவிட்டது, அந்தம்மாவுக்கு மட்டும் கடைசி நிமிஷம்வரை உறைக்கவில்லை. வாசல் கதவுச் சத்தம் கேட்கிறது, மகன் உள்ளே வருகிறான், திரை விழுகிறது. அந்த இடத்தில் ஒரு வரி அறிவுரை கிடையாது.

உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'மக்கள் விரோதி', 1882. ஊருக்கு வருமானம் தரும் குளியல் நிலையத்தின் தண்ணீரில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்திருப்பதை ஒரு டாக்டர் கண்டுபிடிக்கிறார். அதை மூடி மறைக்கப் பார்க்கும் மேயர் அவருடைய சொந்த அண்ணன். கழிவு விடும் தொழிற்சாலைகளில் ஒன்று அவர் மாமனாருடையது! கூடவே இருந்த பத்திரிகைக்காரர்கள், செலவு ஊர் தலையில் விழும் என்று தெரிந்ததும் நழுவிவிடுகிறார்கள். நாலாவது அங்கம் முழுக்க ஊர்க் கூட்டம். தெரு நாடகத்துக்காகவே எழுதியது மாதிரி இருக்கும். உங்கள் நடிகர்கள் நாலு பேரை ஜனங்களோடு ஜனங்களாக நிறுத்திவைத்து, "கம்பெனியை மூடினா எங்க வீட்ல எவன் அடுப்பு எரிய வைப்பான்?" என்று அங்கிருந்தே கத்தவிடுங்கள்.

முதலாளியை விட்டுவிடச் சொல்லவில்லை, அவர் பங்கு அப்படியே இருக்கட்டும். ஆனால் பாதிக்கப்பட்ட மீனவர் வீட்டிலேயே, அந்தக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒரு பிள்ளை வேண்டும். அன்றைக்கு நைட் ஷிப்டில் கசிவை அவன் பார்த்தான், வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை. இதை முதல் காட்சியிலேயே ஜனங்களுக்குச் சொல்லிவிடுங்கள். கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்திடம் தனியாகப் பேசுவானே, அவன் போதும். அப்புறம் அம்மாக்காரி எண்ணெய் பிடித்த வலையைத் துடைத்தபடி, "பாத்துட்டு சும்மா இருந்தவன் நல்லாவே இருக்க மாட்டான்" என்று மண்ணை வாரித் தூற்ற, பக்கத்தில் அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கட்டும். அவசரப்படாதீர்கள், அவன் ஒரு வாய்கூடச் சாப்பிடக் கூடாது.

சின்ன விஷயம் ஒன்று. தெருவில் திரையும் இல்லை, லைட்டும் இல்லை, கன்டெய்னர் லாரி ஓடும் ரோட்டோரத்தில் மௌனமும் எடுபடாது. சந்துக்குள் போய்விடுங்கள், லைட்டுக்குப் பதில் பறையைத் திடீரென்று நிறுத்துங்கள்.

கடைசியில் வரும் உறுதிமொழிப் பாட்டு வேண்டாம். ஒத்திகையின்போது மீன் விற்கும் அக்காக்கள் நாலு பேரை உட்காரவைத்து, முடிவுக்கு முன்னால் நிறுத்தி, "அவன் சொல்லணுமா, வேண்டாமா?" என்று கேளுங்கள். அவர்களுக்குள் சண்டை வரவில்லை என்றால் அந்தப் பையனின் பாத்திரத்தைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்புங்கள்.