கூகுளில் கடையைக் காணோம்: கேள்விகளும் பதில்களும்

தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம்தான். நம் வியாபாரிகள் குழுவில் இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: நேற்றுவரை கூகுளில் வந்த தளம் இன்றைக்கு இல்லை. தள வேலை பல வருடமாகப் பார்ப்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கிறோம். 'மதுரை சுங்குடி' என்று தேடினால் முதல் பக்கத்தில் வருவோம். போன திங்கள்கிழமையிலிருந்து கடைப் பெயரைப் போட்டாலும் வரவில்லை. கூகுள் எங்களைத் தடை செய்துவிட்டதா அண்ணே?

இல்லைம்மா, தடை எல்லாம் அபூர்வம். தளம் கூகுளின் தேடல் பட்டியலை விட்டே போய்விட்டதா, பட்டியலில் இருந்தபடியே பின்னுக்குப் போய்விட்டதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. கூகுள் தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடம் விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் நீங்கள் பட்டியலில் இருக்கிறீர்கள். ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் வெளியே போயாகிவிட்டது.

இந்தக் கடைக்கு சனிக்கிழமை நேரிலேயே போனேன். சேலைக் கட்டுகளை ஒதுக்கிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்தோம். சைட் தேடலில் ஒரு பக்கம்கூட வரவில்லை. நம் தளம் கூகுளில் எப்படி இருக்கிறது என்று தள உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் கருவி சர்ச் கன்சோல். அதில் முகப்புப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துச் சோதித்தபோது காரணம் அங்கேயே இருந்தது: பட்டியலில் சேர்க்காதே என்று சொல்கிற 'நோஇன்டெக்ஸ்' குறி இருப்பதால் சேர்க்கவில்லை. இந்தத் தளம் செய்யப்பட்ட மென்பொருளான வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்று போனால் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். தேடுபொறிகள் இந்தத் தளத்தைச் சேர்க்க வேண்டாம் என்பதற்கான கட்டம் அது. புது டிசைன் செய்தவர் சோதனைத் தளத்தில் அதை டிக் செய்து வைத்திருக்கிறார். அது சரிதான், அரைகுறை வேலை வெளியே தெரியக் கூடாது. வேலை முடிந்து அப்படியே உண்மையான தளத்துக்கு மாற்றியபோது அந்த டிக்கும் கூடவே வந்துவிட்டது.

டிக்கை எடுத்தோம், சர்ச் கன்சோலில் மறுபடி சேர்க்கச் சொல்லி விண்ணப்பித்தோம். முகப்புப் பக்கம் நாலாம் நாள் வந்துவிட்டது. சேலைப் பக்கங்கள் ஒவ்வொன்றாக வருகின்றன, சில வாரம் ஆகும். சர்ச் கன்சோல் இலவசம். தளம் செய்து கொடுத்தவர் பெயரில் இல்லாமல் உங்கள் பெயரிலேயே இன்றைக்கே பதிவு செய்யுங்கள். அது இல்லாமல் காரணம் தேடுவது இருட்டில் ஊசி தேடுகிற மாதிரி.

கேள்வி: திருமங்கலத்திலிருந்து கல்லூரி மாணவன். ஒரு பக்கத்தை மறைக்க, கூகுள் எந்தப் பக்கத்துக்குள் வரக் கூடாது என்று சொல்கிற ரோபோட்ஸ் டாட் டெக்ஸ்ட் கோப்பில் தடுத்து, நோஇன்டெக்ஸும் போட்டேன். இன்னும் கூகுளில் தெரிகிறதே?

வாசலைப் பூட்டிவிட்டு, உள்ளே சுவரில் 'என்னைப் பட்டியலில் சேர்க்காதே' என்று எழுதி வைத்தால் யார் படிப்பது தம்பி? ரோபோட்ஸ் கோப்பு வாசலை மட்டும்தான் மூடும். வேறு தளங்கள் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்திருந்தால் வெறும் முகவரி பட்டியலில் ஏறிவிடலாம். தடுப்பை எடு, நோஇன்டெக்ஸை விட்டுவை. அந்தக் குறியை ரோபோட்ஸ் கோப்புக்குள்ளேயே எழுதுகிற பழைய வழியை 2019 செப்டம்பர் 1 முதல் கூகுள் ஏற்பதில்லை.

கேள்வி: விளம்பரத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்தினேன். அதனால்தான் தூக்கிவிட்டார்களா?

இல்லை. விளம்பரம் தனி, தேடல் பட்டியல் தனி.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் அறக்கட்டளை நடத்துகிறோம். தளம் நமக்கு நன்றாகத்தான் திறக்கிறது. ஆனால் கூகுளில் எங்கள் பெயருக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விற்கிற பக்கங்கள் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எங்கள் சொந்தப் பக்கங்களைக் காணோம்.

தளத்துக்குள் ஆள் புகுந்துவிட்டார்கள் ஐயா. இது உலகம் முழுக்க நடக்கிற பழைய திருட்டு. உங்களுக்கு ஒரு முகம், கூகுளுக்கு வேறு முகம் காட்டுவார்கள், அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. சர்ச் கன்சோலில் நேரடிச் சோதனை போட்டால் கூகுள் என்ன பார்க்கிறது என்று தெரியும்.

அதே இடத்தில் உரிமையாளர் பட்டியலையும் பாருங்கள். தெரியாத மின்னஞ்சல் ஒன்று உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை நீக்கினால் மட்டும் போதாது, அந்த ஆள் தன்னை உரிமையாளர் என்று காட்டத் தளத்தில் போட்டு வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப வந்துவிடுவார். அப்புறம் புகுவதற்கு முந்தைய பேக்கப்பைப் போட்டு, தளத்தில் சேர்த்திருக்கும் துணை மென்பொருள்களான ப்ளக்இன்களைப் புதுப்பித்து, எல்லா பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். யாரோ இலவசமாகத் தந்த திருட்டு ப்ளக்இன் இருந்தால் அதை முதலில் தூக்குங்கள், என் அனுபவத்தில் வழி பெரும்பாலும் அதுதான். போலிப் பக்கங்களை ரோபோட்ஸ் கோப்பில் தடுக்காதீர்கள். அவை அழிந்துவிட்டன என்பதை கூகுள் வந்து பார்த்தால்தான் பட்டியலிலிருந்து கழியும். சர்ச் கன்சோலில் பாதுகாப்பு எச்சரிக்கை இருந்தால், சுத்தம் செய்த பிறகு அங்கேயே மறுஆய்வு கேளுங்கள்.

கேள்வி: மதுரை சுற்றுலா பற்றித் தளம் நடத்துகிறேன். பக்கங்கள் எல்லாம் பட்டியலில் இருக்கின்றன, ஆனால் வருகிறவர்கள் கால்வாசி ஆகிவிட்டார்கள். 25,000 ரூபாய் கொடுத்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதாக ஒருவர் சொல்கிறார்.

பணம் கொடுக்காதீர்கள். முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. உங்கள் தளத்தைப் பார்த்தேன். ஊர் பெயரை மட்டும் மாற்றி, 'சிறந்த ஹோட்டல்கள்' என்று ஒரே பக்கத்தை நூறு ஊருக்கு எழுதியிருக்கிறீர்கள். இப்படி மொத்தமாகத் தயாரிக்கிற பக்கங்களை 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. சர்ச் கன்சோலில், கூகுள் ஆட்களே பார்த்துத் தளத்துக்குக் கொடுத்த தண்டனையைக் காட்டும் கைமுறை நடவடிக்கை என்ற பகுதி காலியாக இருந்தால் முறையிடவும் இடமில்லை, தளத்தைத் திருத்துவதுதான் வழி. அரிட்டாபட்டிக்கு நீங்களே போய் எழுதிய கட்டுரை அருமையாக இருக்கிறது. அது போன்றவற்றை வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகலாம்.

கேள்வி: ஓய்வு பெற்ற தமிழாசிரியர். 2003 முதல் கிராமக் கோயில்களைப் பற்றி எழுதி வைத்த தளம். ஆங்கிலத் தலைப்பைத் தேடினால் முன்பு வந்தது. தமிழில் தேடினால் என்றுமே வந்ததில்லை. இப்போது இரண்டும் இல்லை.

ஐயா, உங்கள் பக்கங்களைப் பார்த்து மனசு கஷ்டமாகிவிட்டது, அவ்வளவு உழைப்பு. எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருக்கிறது. அதில் 'அம்மா' என்று நாம் பார்ப்பது உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். கூகுள் படிப்பது அந்தக் குறிகளை. தமிழ் அதன் கண்ணுக்குப் படவே இல்லை. தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் வைக்கும் முறையான யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு ஒற்றும் கொம்பும் சரியாக வந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஆங்கிலத் தலைப்புக்கும் இப்போது வராததற்குக் காரணம், போன வருடம் உங்கள் மகன் முகவரியை மாற்றியது. பழைய முகவரிகளிலிருந்து புதியவற்றுக்குத் தானாகத் திருப்பிவிடுகிற நிரந்தர ரீடைரக்ட், அதாவது 301, போடவில்லை. பழைய டொமைன், அதாவது பழைய தளப் பெயர், இன்னும் உங்களிடம் இருப்பதால் இப்போதும் போடலாம். பக்கத்துக்குப் பக்கம் போட வேண்டும், எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடக் கூடாது. இதை நான் செய்து தருகிறேன், பணம் வேண்டாம்.

கேள்வி: அலங்காநல்லூர் பக்கம் நாட்டு வெல்லம் விற்கிறோம். தளமே திறக்கவில்லை, கூகுளிலும் இல்லை. டாட் காம் டொமைனை வாங்கிய தம்பி வெளிநாடு போய்விட்டார். கெடு முடிந்து 40 நாள் ஆகிறது.

கடைசியாக வந்தாலும் இதுதான் அவசரம் அண்ணே. கெடு முடிந்ததும் புதுப்பிக்கத் தருகிற சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள், சில நிறுவனங்கள் அதற்கு முன்பே முடித்துவிடும். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம், அப்போது கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் போனால் 5 நாளில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பதிவு அந்தத் தம்பியின் மின்னஞ்சலில் இருப்பதால் பெரும்பாலும் அவர் கணக்கிலிருந்துதான் பணம் கட்ட வேண்டியிருக்கும். அங்கே இப்போது ராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, இப்போதே கூப்பிடுங்கள். புதுப்பித்ததும் டொமைனை உங்கள் கணக்குக்கு மாற்றச் சொல்லுங்கள். அப்புறம் எனக்கு ஒரு போன் போடுங்கள்.